யாழ்ப்பாணத்தில் வீடு விற்குமுன் அலங்காரத்துக்குக் காசு கொடுக்கலாமா? படிப்படியான ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வீடு ஒன்றை விற்க முடிவெடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ மருமகளோ "விற்பதற்கு முன் ஹோம் ஸ்டேஜிங் செய்யுங்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொல்லி, உங்களை யோசிக்க வைத்திருந்தால் இதை முழுவதும் படியுங்கள். வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகைத் தளபாடம், திரைச்சீலை, விளக்கு, பூச்சாடி எல்லாம் கொண்டுவந்து வைத்து, வாங்க வருபவர் கண்ணுக்குக் குடியிருக்கும் வீடாகக் காட்டும் சேவைதான் அது.

கொக்குவிலில் உள்ள அம்மாவின் வீட்டை விற்றபோது இந்தக் கேள்வியோடு நான் நிறைய அலைந்தேன். தரகர் அது வீண் செலவு என்றார். கொழும்பிலிருந்து வந்த நிறுவனம் அது கட்டாயம் என்றது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அது வழமை என்றார். மூவருமே எங்கள் வீட்டின் கணக்கைப் பார்த்துச் சொல்லவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான யாழ்ப்பாண வீடுகளுக்கு முழு அலங்காரம் தேவையில்லை. ஒரு வகை வீட்டுக்கு மட்டும் அது உண்மையாகவே உதவும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். அலங்காரம் நான்காவது படியில்தான் வருகிறது. அதை முதலாவதாகச் செய்பவர்கள்தான் காசை இழக்கிறார்கள்.

1. வாங்கப்போவது யார் என்று தீர்மானியுங்கள்

இங்கே வீடு பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்.

முதலாமவர் காணிக்காக வருபவர். பழைய நாற்சார் வீடு, ஓடு இறங்கிய கூரை, நாலைந்து பரப்புக் காணி என்றால் உங்களிடம் வருபவர் அநேகமாக இவர்தான். பரப்பு என்ன விலை, ஒழுங்கைக்குள் லொறி வருமா, எல்லைக்கல் எங்கே என்று கேட்பார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார், ஏனென்றால் அதை இடிக்கப் போகிறார். இவருக்காக ஒரு குஷன் கூட வாங்க வேண்டாம். பற்றையை வெட்டி நாலு எல்லையும் தெரியும்படி வைத்தால் போதும். காணி உறுதிப் பத்திரத்தில் பரப்பும் குழியும் இருக்கும், வெளியூர்க்காரர் பேர்ச்சில் கேட்பார். 1 பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச். 16 பரப்பு 1 ஏக்கர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் குழப்பம் வராது.

இரண்டாமவர் வங்கிக் கடனோடு வரும் உள்ளூர்க் குடும்பம். ஆசிரியர், தாதி, அரச உத்தியோகத்தர் என்று பலர் இப்படித்தான் வாங்குகிறார்கள். இவர்களுக்கு வீடு பிடித்தாலும், கடன் எவ்வளவு என்பதை முடிவு செய்வது வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அளவு நாடாவை விரித்து வெளிச்சுவரை அளந்தார், கூரை ஓடா சீற்றா என்று நிமிர்ந்து பார்த்தார், சுவர் வெடிப்பு ஒன்றை விரலால் தடவினார், ஒழுங்கையின் அகலத்தைக் குறித்துக்கொண்டு போனார். வரவேற்பறையில் அவர் அளக்காமல் கடந்தது தளபாடத்தை மட்டும்தான். அலங்காரத்தைக் காட்டி விலையை ஏற்றினாலும், மதிப்பீட்டுக்கு மேல் வரும் தொகையை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். அது முடியாமல் பேச்சு முறிவதுண்டு.

மூன்றாமவர் வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர். ஓய்வு பெற்றபின் வந்து இருக்க, அல்லது விடுமுறைக்கு வந்து தங்க, ஒரு வீடு தேடுகிறார். முதலில் பார்ப்பது தொலைபேசித் திரையில். வெறும் அறையின் படத்தை வைத்து அதன் அளவை அவரால் கணிக்க முடியாது. ஒரு கட்டிலும் மேசையும் இருந்தால் உடனே விளங்கிவிடும். அலங்காரம் வேலை செய்வது இவரிடம்தான். அதுவும் புதிய, ரைல்ஸ் பதித்த, இணைந்த குளியலறையுள்ள வீடாக இருந்தால்.

ஆனால் இவரிடம் ஆரம்பத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இலங்கைக் குடியுரிமை இருக்கிறதா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணியை உரிமை மாற்றிக் கொடுக்கத் தடை இருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு; இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் இந்தத் தடைக்குள் வருவார். இதைக் கேட்காமல் அவருக்காகவே வீட்டை அலங்கரித்து, விலையும் பேசி, உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் போய் நின்ற குடும்பங்கள் இருக்கின்றன.

2. தளபாடத்துக்கு முன் உறுதி

வீடு அழகாக இருந்து பத்திரம் பிழையாக இருந்தால் விற்பனை நடக்காது. பத்திரம் சுத்தமாக இருந்து வீடு சுமாராக இருந்தால் நடக்கும். ஆகவே கையில் இருக்கும் முதல் காசு இங்கே போகட்டும். நீங்கள் எடுத்துவைக்க வேண்டியவை:

மூல உறுதி. போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றில் ஒன்றாவது தெரிந்தால் தேடுவது இலகு. பழைய சோலைவரி ரசீது, அயலவரின் உறுதி என்று எதிலாவது ஒரு நுனி கிடைக்கும்.

பதிவகத் தோம்புப் பிரதி, அதாவது காணி யார் கைக்கு மாறியது, ஈடு வைக்கப்பட்டதா என்பவை பதிந்த பக்கத்தின் பிரதி. வாங்குபவரின் சட்டத்தரணி வழக்கமாக 30 வருட உரித்து வரலாற்றைக் கேட்பார். அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே எடுத்துப் பாருங்கள். எப்போதோ வைத்த ஈடு மீட்கப்பட்டும் பதிவில் அப்படியே கிடப்பது இங்கே சாதாரணம்.

அனுமதி பெற்ற நில அளவையாளரின் வரைபடம். வேலி நகர்ந்திருப்பதும், பின்வளவுக்காரரோடு வாய்க்கால் பிரச்சினை இருப்பதும் அளக்கும்போதுதான் வெளிவரும். விலை பேசும் நாளில் வெளிவருவதைவிட இப்போது வருவது நல்லது.

சபைப் பத்திரங்கள். நகர எல்லைக்குள் என்றால் யாழ்ப்பாண மாநகர சபை. கொக்குவில், கோண்டாவில் என்றால் நல்லூர் பிரதேச சபை. சோலைவரி நிலுவை இல்லை என்பதற்கான ரசீது, வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதிக்கான எல்லை உங்கள் காணிக்குள் வருகிறதா என்று காட்டுவது), கட்டட அனுமதிப் படம், கட்டி முடித்த வீடு அந்தப் படத்தின்படிதான் இருக்கிறது என்று சபை தரும் சான்றிதழ் ஆகியவை வேண்டும். பின்னால் இறக்கிய குசினியும் மேலே கட்டிய அறையும் அனுமதிப் படத்தில் இல்லாவிட்டால் வங்கிக் கடன் அங்கேயே தடைப்படும்.

அடுத்தது தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சொத்துச் சட்டம். வெளிநாட்டு ஆலோசகர் எவரும் சொல்லாதது இதுதான், யாழ்ப்பாணத்தில் விற்பனைகளை அதிகம் இழுத்தடிப்பதும் இதுதான். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சீதன வீடாக இருந்தாலும் அப்படித்தான். கணவர் வெளிநாட்டில் இருந்தால், பிரிந்து வாழ்ந்தால், அதற்கான வழியை முன்கூட்டியே சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதோடு 1947ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டம் இருக்கிறது. காணியின் கூட்டு உரித்தாளர்களுக்கும், விற்பவரின் வாரிசுகளாக வரக்கூடியவர்களுக்கும், வெளியாருக்கு முன் வாங்கும் உரிமையை அது கொடுக்கிறது. அறிவித்தலை யாருக்கு, எந்த வடிவில் கொடுப்பது என்பதை நொத்தாரிசே செய்யட்டும். எங்கள் வீடு அம்மாவின் சீதனம். அப்பாவின் சம்மதமும் வெளிநாட்டில் உள்ள உடன்பிறப்புகளின் எழுத்தும் கைக்கு வந்து சேர எடுத்த காலத்தில் வாடகைச் சோபா வீட்டில் இருந்திருந்தால் வாடகை வீணாக ஓடியிருக்கும்.

உடன்பிறப்புகள் அற்றோணித் தத்துவம் (தமக்குப் பதிலாகக் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்புவதாக இருந்தால், அது அவர்கள் இருக்கும் நாட்டில் உரிய முறையில் கையெழுத்திடப்பட்டு, இங்கே பதிவாக வேண்டும். "விற்பதற்கு" என்ற அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரச் செலவை யார் ஏற்பது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வட்ஸ்அப்பில் எல்லோரும் "சரி" என்று போட்டாலும் போதும். வீடு விற்றபின் "நான் அதற்குச் சம்மதிக்கவில்லையே" என்று ஒருவர் சொன்னால், சகோதரர் உறவே கசந்துபோகும்.

3. சுத்தம், தண்ணீர், வாசனை

இந்தப் படியில் போடும் காசு ஒருபோதும் வீணாகாது. மூன்று வகை வாங்குபவரும் இதைக் கவனிக்கிறார்கள்.

வீடு பார்க்க வருபவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். வீட்டைப் பற்றி முதலில் அவருக்குச் சொல்வது அவர் பாதம். மணல் நெருடினால், ஈரம் பிசுபிசுத்தால், அவர் முகம் மாறுவதை நீங்களே காணலாம். சிவப்புச் சீமெந்து நிலம் என்றால் கழுவிக் காயவிட்டு மெழுகு போட்டுத் தேய்த்துவிடுங்கள். பழைய நிலம் அப்படி மினுங்கும்போது அதற்கு மேல் விரிப்பு எதுவும் தேவையில்லை.

பூட்டிக் கிடந்த வீட்டில் வௌவால் எச்சமும் எலி மூத்திரமும் மணக்கும். வாசனைத் திரவம் தெளித்து அதை மறைக்க முடியாது. சீலிங்கைத் திறந்து துப்புரவாக்கி, ஓட்டு இடைவெளிகளை அடைத்து, ஒரு கிழமையாவது யன்னல்களை முழுவதும் திறந்து வையுங்கள். பீலியில் நிறைந்த மாவிலையை அள்ளுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். கூரை நனைந்த கறையைத் திருத்தாமல் பெயின்ற் மட்டும் அடித்தால், அடுத்த மழையில் கறை மறுபடி வரும், வாங்க வந்தவர் ஏமாற்று என்று நினைப்பார்.

பிறகு கிணறு. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு முதியவர் வரவேற்பறையில் நிற்கவே இல்லை. நேரே பின்வளவுக்குப் போய், வாளியை இறக்கி அள்ளி, உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தார். பிறகு சவர்க்காரம் கேட்டுக் கையைக் கழுவி நுரை வருகிறதா என்று பார்த்தார். அதன்பிறகுதான் வீட்டுக்குள் வந்தார். சுண்ணாம்புக்கல் மேல் இருக்கும் ஊர் இது; ஒரு ஒழுங்கைக்குள்ளேயே ஒரு கிணறு நன்னீராகவும் அடுத்தது சவராகவும் இருக்கும். ஆகவே கிணற்றை இறைத்துச் சேறு எடுத்து, கட்டைச் சுத்தமாக்கி, தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். தோட்டக் காணிகளுக்குப் பக்கத்தில் என்றால், பசளையிலிருந்து நீரில் கலக்கும் நைத்திரேற்றின் அளவை நிச்சயம் கேட்பார்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 அதற்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. நல்ல அறிக்கை ஒன்று, இரண்டு மாத வாடகைச் சோபாவைவிட அதிகம் பேசும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தையும் அளந்து வையுங்கள். குழாய்நீர் இணைப்பு வந்திருந்தால் அதன் ரசீதையும் வையுங்கள்.

மின்குமிழ்களை எல்லாம் மாற்றுங்கள். சுவருக்கு வெள்ளையோ இளமஞ்சளோ அடியுங்கள். அலுமாரிகளைக் காலியாக்குங்கள். மாலை போட்ட மூதாதையர் படங்களை மரியாதையோடு எடுத்து உங்கள் வீட்டில் மாட்டுங்கள். ஆனால் சாமியறையை வெறுமையாக்காதீர்கள். வெளிநாட்டு அலங்கார ஆலோசனைகளில் சமய அடையாளம் எல்லாவற்றையும் அகற்றச் சொல்வார்கள். இங்கே வரும் சைவக் குடும்பம் சாமியறை எந்தத் திசையில் என்று தேடிப் பார்க்கும்; அங்கே துடைத்த விளக்கு ஒன்று இருந்தால் நிறைவாக உணர்வார்கள்.

4. இப்போது கணக்குப் போடுங்கள்

மேலே உள்ள மூன்றும் முடிந்தபின், உங்கள் வாங்குபவர் மூன்றாவது வகை என்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள்.

அலங்காரம் விலையைக் கூட்டும் என்பவர்கள் அமெரிக்கப் புள்ளிவிவரத்தைக் காட்டுவார்கள். அந்நாட்டின் தேசிய ரியல் எஸ்டேட் முகவர் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், வாங்குபவர் தரப்பு முகவர்களில் 81 வீதத்தினர், அலங்கரித்த வீட்டைத் தம் எதிர்கால வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு இலகுவாகிறது என்றார்கள். ஆனால் அதே அறிக்கையில் விலை 1 முதல் 5 வீதம் வரை கூடியது என்று சொன்னவர்கள் 20 வீதம்தான். அதுவும் முகவர்களின் கருத்து. ஒரே வீட்டை அலங்கரித்தும் அலங்கரிக்காமலும் விற்றுப் பார்த்த கணக்கு அல்ல. அங்கே விலையில் வீடு பெரும்பங்கு பெறும் இடங்கள் நிறைய. இங்கே காணி பெறுகிறது. அந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

ஒரு உதாரணம் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் விலை 3 கோடி ரூபாய் என்று வைப்போம். அக்கம்பக்கத்துக் காணி விலைப்படி உங்கள் காணி மட்டும் 2 கோடி 20 இலட்சம். மிச்சம் 80 இலட்சம்தான் கட்டடத்தின் விலை. சோபாவும் திரைச்சீலையும் காணியின் விலையைக் கூட்டாது; அவை கூட்டக்கூடியது அந்த 80 இலட்சத்தை மட்டுமே. மேலே சொன்ன 1 முதல் 5 வீதத்தில் உச்சமான 5 வீதத்தை எடுத்தாலும் 4 இலட்சம். அலங்காரத்துக்கு 5 இலட்சம் கேட்டால் நட்டம் என்று காகிதத்திலேயே தெரிகிறது. 3 கோடிக்கும் 5 வீதம் போட்டு 15 இலட்சம் இலாபம் என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள்.

நான் வைத்துக்கொண்ட எல்லை, கட்டடப் பங்கின் 2 வீதம். மேலே உள்ள உதாரணத்தில் 1 இலட்சத்து 60 ஆயிரம். அதற்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. வீடு விற்காமல் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் காவலுக்கு ஆள், புல்வெட்டு, மின்கட்டணம் என்று போகும். அடைக்க வேண்டிய கடன் இருந்தால் வட்டியும் சேரும். இவற்றைக் கூட்டி மாதச் செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். அலங்காரத்தால் வீடு இரண்டு மாதம் முந்தி விற்கும் என்று நீங்கள் உண்மையாக நம்பினால், அந்த இரண்டு மாதச் செலவையும் எல்லையோடு சேர்க்கலாம். வீட்டில் ஆட்கள் குடியிருந்தால் இந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். உங்கள் சொந்தத் தளபாடத்தில் பாதியை எடுத்து மிச்சத்தை ஒழுங்காக வைத்தாலே போதும்.

5. முழு அலங்காரமா, பாதி அலங்காரமா

கொழும்பு நிறுவனம் எங்களுக்கு எழுதித் தந்த விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லொறிக் கூலியும் ஆட்கள் தங்கும் செலவுமாக இருந்தது. ஏ9 வீதியால் சோபா வந்து திரும்பிப் போவதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் அதை மறுத்து, வரவேற்பறைக்கும் ஒரு படுக்கையறைக்கும் மட்டும் செய்வித்தேன். உள்ளூர்த் தளபாடக் கடை ஒன்று மாத வாடகைக்குத் தந்தது. திரைச்சீலையை ஊரில் தைத்தோம். குசினியில் ஒன்றும் வைக்கவில்லை. பளிச்சென்று கழுவிய குசினி வெறுமையாக இருப்பதுதான் பெரிதாகத் தெரியும். நாற்சார் வீடு வைத்திருப்பவர்கள் நடுமுற்றத்தைக் கூட்டி, விறாந்தையில் இரண்டு சாய்மனைக் கதிரை போட்டால், எந்த வாடகைச் சோபாவும் அதற்கு ஈடாகாது.

நிறுவனம் ஒன்றோடு போவதாக இருந்தால், எழுத்தில் வாங்க வேண்டியவை இவை. எத்தனை அறைக்கு, என்னென்ன பொருள் என்ற பட்டியல். வாடகைக் காலம், அது முடிந்தபின் மாதத்துக்கு எவ்வளவு. முதல் விலை குறைவாகவும் நீடிப்பு விலை அதிகமாகவும் வைப்பதுதான் பெரிய பொறி. பொருள் உடைந்தால், மழை ஒழுக்கில் நனைந்தால், களவு போனால் யார் பொறுப்பு. பூட்டிய வீட்டில் விலையுயர்ந்த பொருள் இருப்பது அக்கம்பக்கத்துக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும், ஆகவே காவல் செலவையும் சேருங்கள். வீடு முதல் கிழமையிலேயே விற்றுவிட்டால் மிச்சக் காசு திரும்புமா. சுவரில் ஆணி அடித்தால் யார் பூசித் தருவது. முழுக் காசையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். தரகரே அலங்காரக்காரரைக் கூட்டிவந்தால், அதில் அவருக்குப் பங்கு உண்டா என்று நேரே கேளுங்கள். தரகுக்கூலி எத்தனை வீதம் என்பதையும் அதே நாளில் எழுதி வாங்குங்கள்.

6. படம்

அலங்காரத்துக்குக் காசு ஒதுக்கும்போது படத்துக்கும் காணொளிக்கும் ஒதுக்க மறக்காதீர்கள். கலியாணப் படப்பிடிப்பாளர்கள் நிறைந்த ஊர் இது. அரை நாள் கூலிக்கு ஒருவரைப் பிடிக்கலாம். காலை வெயில் சரியும் நேரத்தில், எல்லா யன்னலும் திறந்து, அறை மூலையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒழுங்கை முகப்பிலிருந்து வாசல்வரை நடந்து வரும் காணொளி ஒன்று கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் முதலில் கேட்பது அதுதான்.

கணினியில் தளபாடம் வரைந்து சேர்க்கும் படங்களும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால், அது கணினிப் படம் என்று எழுதி, பக்கத்தில் வெறும் அறைப் படத்தையும் போடுங்கள். வெடிப்பையும் கறையையும் படத்தில் அழிக்காதீர்கள். நேரில் வந்து பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தால், அது உறுதிவரை போகும்.

7. காலம்

வெளிநாட்டுக்காரர் கூட்டமாக வரும் காலம் யூலை, ஓகஸ்ட். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை, நல்லூர்த் திருவிழா 25 நாள். வீட்டை ஆடியில் பார்ப்பார்கள், ஆவணியில் எழுதுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் உறுதி முடிக்கப் பலர் விரும்ப மாட்டார்கள். அந்த மாதங்களில் "பிறகு சொல்கிறோம்" என்றால் வீடு பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு விலையை இறக்கிவிடாதீர்கள்.

இதற்கு ஏற்பப் பின்னோக்கி எண்ணுங்கள். பத்திர வேலையைத் தை மாதத்திலேயே தொடங்குங்கள். மாரி மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின், மாசி பங்குனியில் கூரை, பெயின்ற். தண்ணீர் வற்றும் வெயில் காலத்தில் கிணறு இறைப்பு. யூன் மாதத்தில் படம். வாடகைத் தளபாடம் யூலை தொடக்கத்தில் வந்து ஓகஸ்ட் முடிவில் போகட்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தளபாடத்துக்கு வாடகை கட்டாதீர்கள். சுவர் பாசி பிடிக்கும், ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், சோபாவில் பூஞ்சணம் பிடித்தால் அதற்கும் நீங்களே கட்ட வேண்டி வரும்.

8. முற்பணமும் வரியும்

விலை ஒத்துவந்ததும், முற்பணத்தை வெறும் துண்டுக் கடிதத்தில் வாங்க வேண்டாம். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் செல்லும். அலங்கரித்த வீட்டுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு: வாங்குபவர் பார்த்த விளக்கும் திரைச்சீலையும் வீட்டோடு வரும் என்று நினைத்துவிடுவார். வீட்டோடு போவது எது, போகாதது எது என்ற பட்டியலை உடன்படிக்கையில் இணையுங்கள். நீர்ப்பம்பி, தண்ணீர்த் தாங்கி, மின்விசிறி, குசினி அலுமாரி எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

முத்திரைத் தீர்வை வழக்கமாக வாங்குபவர் பக்கம். விற்பவர் பார்க்க வேண்டியது மூலதன இலாப வரி. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு அது 15 வீதம். உங்கள் பிரதான வதிவிடமாக இருந்து, விற்பதற்கு முன் தொடர்ந்து மூன்று வருடங்கள் உரிமையில் வைத்திருந்து, அதில் இரண்டு வருடங்களாவது நீங்கள் குடியிருந்த வீடென்றால் விலக்கு உண்டு. பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டுக்கும் அந்த விலக்குக் கிடைப்பது கடினம். 2017 செப்டெம்பர் 30இல் ஏற்கெனவே உங்கள் உரிமையில் இருந்த வீடு என்றால், அன்றைய சந்தைப் பெறுமதியை அடிப்படையாக வைத்து இலாபத்தைக் கணிப்பார்கள்; அதற்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுத்துவைப்பது நல்லது. விற்றபின் குறித்த காலத்துக்குள் வரி விவரத்திரட்டைக் கொடுக்க வேண்டும்.

கூரை, மதில் போன்ற மேம்பாட்டுக்குச் செலவழித்த பற்றுச்சீட்டுகளை ஒரு உறையிலும், தரகு, விளம்பரம், படம், வாடகைத் தளபாடம் போன்ற விற்பனைச் செலவுகளை இன்னொரு உறையிலும் போட்டு வைத்து, இரண்டையும் கணக்காளரிடம் கொடுங்கள். வாடகைச் சோபா வீட்டின் மேம்பாடு ஆகாது; ஒரே உறையில் கலந்து கொடுத்தால் சேர வேண்டிய கூரைச் செலவையும் சேர்த்து அவர் கேள்வி கேட்பார். தளபாடம் திரும்பிப் போகும் நாளில் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சேதம் இல்லை என்று கடைக்காரரின் கையெழுத்தை வாங்கி, அதையும் இரண்டாவது உறையிலேயே வையுங்கள்.